கிடங்கு விளக்குகளுக்கான திட்டமும் செலவுக் கணக்கும்: சென்னைப் புறநகர்க் கிடங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். செங்குன்றம், மாதவரம் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை கிடங்குகளைக் கட்டி வாடகைக்கு விட்டுவரும் உங்களுக்கு, அத்தகைய கிடங்குகளில் மின்பணி செய்துவரும் ஒப்பந்ததாரன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். புதிதாக எழும்பும் கிடங்குகள் எல்.இ.டி. விளக்குகளோடுதான் எழும்புகின்றன, பழைய கிடங்குகளிலும் மெட்டல் ஹாலைடு என்ற பழைய வகை வாயு விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டும் வேலை தொடர்ந்து நடக்கிறது. விளக்கு மாறிவிட்டது, அதற்குப் பணம் ஒதுக்கும் முறை மட்டும் மாறவில்லை. "ஹைபே (உயரமான கூரையில் தொங்கும் விளக்கு) ஒன்று என்ன விலை, எத்தனை மாட்ட வேண்டும்?" என்ற இரண்டு கேள்விகளோடு திட்டம் முடிந்துவிடுகிறது. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்துவிடுகிறீர்கள். இதனால் உங்களுக்கும் உங்கள் வாடகைதாரருக்கும் எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். விளக்கை வாங்குபவர் உரிமையாளர். கரண்ட் பில் கட்டுபவர் வாடகைதாரர். வாங்குபவர் பில்லைப் பார்ப்பதில்லை. பில் கட்டுபவருக்கு விளக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. ஆகவே ஒருமுறை செலவாகும் பணம் மட்டும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆண்டுதோறும் போகும் பணம் யார் கணக்கிலும் வராமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நூறடிக்கு இருநூறடி, அதாவது 20,000 சதுர அடி கொண்ட ஒரு சாதாரணக் கிடங்கு. மீட்டர் கணக்கில் சுமார் 1,860 சதுர மீட்டர். ரேக் (சரக்கு வைக்கும் உயரமான அடுக்குச் சட்டம்) இல்லாமல் தரையில் மூட்டைகளையும் பெட்டிகளையும் அடுக்கும் கிடங்கு என்றும், தரையில் 150 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். லூமன் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு; லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன். பரப்பையும் லக்ஸையும் பெருக்கினால் 2,79,000 லூமன் வரும். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் தரைக்கு வந்து சேர்வதில்லை, அதற்கு 0.65 என்றும், தூசி படிவதாலும் விளக்கு முதுமை அடைவதாலும் குறையும் ஒளிக்கு 0.7 என்றும் வைத்து வகுத்தால், மேலே மாட்ட வேண்டிய மொத்த ஒளி ஏறக்குறைய 6,13,000 லூமன். வாட்டுக்கு 133 லூமன் தரும் நல்ல 150 வாட் ஹைபே ஒன்று 20,000 லூமன் கொடுக்கும். எனவே வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகளில் 32 விளக்குகள் போதும். வாட்டுக்கு 90 லூமன் மட்டும் தரும் மலிவான 150 வாட் விளக்கு 13,500 லூமன்தான் கொடுக்கும். அதே வெளிச்சத்துக்குக் குறைந்தது 45 விளக்குகளாவது வேண்டும்.

கணக்குக்காக நல்ல விளக்கின் விலையை 6,500 ரூபாய் என்றும், மலிவானதை 3,500 ரூபாய் என்றும் கொள்வோம். முதலாவதற்கு 2,08,000 ரூபாய். இரண்டாவதற்கு 1,57,500 ரூபாய். உரிமையாளர் 50,500 ரூபாயை ஒருமுறை மிச்சம் பிடிக்கிறார். ஆனால் அந்த 45 விளக்குகள் 1.95 கிலோவாட் கூடுதலாக இழுக்கின்றன. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் 7,020 யூனிட்; யூனிட் ஒன்பது ரூபாய் என்றால் 63,180 ரூபாய். அதாவது உரிமையாளர் ஒருமுறை மிச்சம் பிடித்த தொகையைவிட அதிகமான தொகையை வாடகைதாரர் ஒவ்வோர் ஆண்டும் இழக்கிறார். நடைமுறையில் இதைவிட மோசமானதுதான் நடக்கிறது: 45 மாட்ட வேண்டிய இடத்தில் அதே 32 விளக்குகளையே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், கிடங்கு மங்கலாகவே கிடக்கிறது. இந்த எண்களில் உங்கள் கொட்டேஷனில் உள்ள விலையையும் உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தையும் போட்டு ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்குப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வாட். நீங்கள் வாங்க வேண்டியதோ லூமன்.

பழைய மெட்டல் ஹாலைடு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் கிடங்குகளில் தாமதத்துக்கு எந்த நியாயமும் இல்லை. 400 வாட் விளக்கு என்று பெயர். சோக்கையும் சேர்த்தால் 450 வாட் வரை இழுக்கும். இதே கிடங்கில் அப்படி 40 விளக்குகள் இருந்தால் 18 கிலோவாட்; மேலே சொன்ன 32 எல்.இ.டி.க்கு 4.8 கிலோவாட். ஆண்டுக்கு 47,520 யூனிட் வேறுபாடு. ஒன்பது ரூபாய்க் கணக்கில் 4,27,680 ரூபாய். இதோடு, ஒரு நொடி மின்சாரம் போய் வந்தாலும் சூடான மெட்டல் ஹாலைடு விளக்கு மீண்டும் எரியப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் லாரியிலிருந்து பாதி இறக்கிய சரக்கோடு லோடுமேன்கள் இருட்டில் நிற்பதை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து, ரேக் உள்ள கிடங்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. மேலே சொன்ன லூமன் கணக்கு திறந்த தரைக்குப் பொருந்தும்; ஒன்பது, பத்து மீட்டர் உயர ரேக்குகளுக்கு நடுவே மூன்று மீட்டர் அகலச் சந்து ஓடும் இடத்துக்கு அது பொருந்தாது. வட்ட வடிவ ஹைபே ஒளியை நாலா பக்கமும் சமமாக விரித்து அடிப்பதால், அதில் பெரும்பகுதி ரேக்கின் உச்சியில் இருக்கும் பெட்டிகளின் தலையில் விழுந்து வீணாகிவிடுகிறது. தரையில் லக்ஸ் மீட்டரை வைத்தால் முள் திருப்தியாகவே ஏறும். ஆனால் வேலை செய்பவர் பார்ப்பது தரையை அல்ல. செங்குத்தாக நிற்கும் பெட்டிப் பக்கத்தையும் அதில் ஒட்டியிருக்கும் லேபிளையும்தான். கீழிருந்து இரண்டாவது அடுக்கில் உள்ள லேபிளைப் படிக்கத் தொழிலாளி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்கிறார் என்றால் அந்தக் கிடங்கின் விளக்குத் திட்டம் தோற்றுவிட்டது என்றே பொருள். மேல் அடுக்கில் பாலெட் (சரக்கு அடுக்கிய பலகை) வைக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தலையை அண்ணாந்து நேராக விளக்கையே பார்க்க வேண்டியிருக்கிறது. மறைப்பில்லாத பளிச்சென்ற விளக்கு அங்கே இருந்தால், கண் கூசிய அந்தக் கணத்தில் முள் கரம் பாலெட்டுக்குள் போவதற்குப் பதிலாகப் பெட்டிக்குள் போய்விடும்.

ஆகவே ரேக் சந்துகளுக்கு, சந்தின் நீளவாக்கில் ஒளியை ஒடுக்கி அனுப்பும் லென்ஸ் பொருத்திய நீள்வடிவ விளக்குகளைச் சந்தின் நடுக்கோட்டில் மாட்டுவதே சரி. விலை கூடுதல்தான், ஆனால் எண்ணிக்கை குறையும். எத்தனை வேண்டும் என்பதை யாருடைய அனுபவத்தையும் நம்பி முடிவு செய்ய வேண்டாம், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விளக்கு விற்பவரிடம் அந்த மாடலின் ஐ.இ.எஸ். கோப்பைக் (எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்ற அளவைத் தரும் கணினிக் கோப்பு) கேளுங்கள், டயலக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் உங்கள் ரேக் வரைபடத்தைப் போட்டு, தரையிலும் ரேக்கின் முகப்பிலும் எத்தனை லக்ஸ் விழும் என்ற அறிக்கையை வாங்குங்கள். அந்தக் கோப்பைத் தர முடியாத விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் வேண்டியதும் இல்லை. ஐரோப்பாவின் ஈ.என். 12464-1 தரம், ஆட்கள் நடமாடும் ரேக் சந்துகளுக்கு 150 லக்ஸ், சரக்கைக் கட்டி அனுப்பும் இடங்களுக்கு 300 லக்ஸ், எப்போதாவது ஆள் போய்வரும் சேமிப்பு அறைகளுக்கு 100 லக்ஸ் என்று பிரித்துச் சொல்கிறது. நம் நாட்டின் ஐ.எஸ். 3646 தரமும் வேலைக்கேற்ற வெளிச்சம் என்ற அதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. பில்லும் லேபிளும் ஒத்துப்பார்க்கும் பேக்கிங் மேசைக்கு மேலே தனியாக விளக்கைத் தாழ இறக்கித் தொங்கவிட்டால், முழுக் கிடங்கையும் 300 லக்ஸுக்கு ஏற்ற வேண்டிய தேவை இருக்காது. அதேபோல லாரி பின்னால் வந்து நிற்கும் டாக் பகுதியில், விளக்கு கூரையில் எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் லாரிப் பெட்டியின் உட்புறம் இருட்டாகவே இருக்கும். அங்கே மடக்கி நீட்டக்கூடிய டாக் விளக்கு வேண்டும்.

விளக்கு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைப் பற்றியும் தெளிவு வேண்டும். 50,000 மணி நேரம் என்று பட்டியலில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது எல்.இ.டி. சிப்பின் ஒளி எழுபது விழுக்காடாகக் குறையும் வரையிலான காலக் கணிப்பு. ஆனால் நம் கிடங்குகளில் முதலில் போவது சிப் அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர். சித்திரை, வைகாசியில் தகர சீட்டுக்கு அடியில், கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டத்தை ஒட்டி, காற்றே அசையாத உயரத்தில் என்ன வெப்பம் இருக்கும் என்பதை மேலே ஏறி வேலை செய்தவர்கள் அறிவார்கள். டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் விளக்கு எத்தனை பாகைச் சுற்றுப்புற வெப்பத்துக்கு மதிப்பிடப்பட்டது என்று கேளுங்கள். 50 பாகைக்குக் குறைவாக இருந்தால் நம் ஊர்த் தகரக் கூரைக்கு அது உதவாது. டிரைவரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு எண் இருக்கிறதா என்பதையும், டிரைவரை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்பதையும் சாம்பிள் விளக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெப்பத்தை அடுத்த எதிரி, நியூட்ரல். மூன்று பேஸ் இணைப்பில், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி எங்காவது தளர்ந்தால், 230 வோல்ட் வர வேண்டிய விளக்குக்கு 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும். ஒரே இரவில் ஒரு வரிசை விளக்குகள் முழுவதும் போய்விட்டன, கம்பெனி வாரண்டி தர மறுக்கிறது என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். இதற்கு மருந்து பேனல் போர்டில் இருக்கிறது: கூடுதல் மின்னழுத்தத்தைக் கண்டவுடன் துண்டிக்கும் ரிலே, மின்னல் எழுச்சியைத் தாங்கும் எஸ்.பி.டி., ஒழுங்கான எர்த். அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு பேஸில் இணைத்துவிட்டால் ஒரு பேஸ் போனாலும் சந்து முழுவதும் இருண்டுவிடாது. எல்.இ.டி. டிரைவர்கள் ஸ்விட்ச் போடும் நொடியில் மட்டும் மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால், மின்னோட்டம் மிகும்போது துண்டிக்கும் பழைய எம்.சி.பி.யை அப்படியே விட்டால் காரணமே இல்லாமல் ட்ரிப் ஆகும். அதற்கேற்ற சி வகை எம்.சி.பி.யும், ஒரு சர்க்யூட்டில் எத்தனை விளக்கு என்ற வரம்பும் வேண்டும்.

செங்குன்றத்தில் அரிசியும் பருப்பும் வைக்கும் கிடங்குகளின் உரிமையாளர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பூச்சிக்காக நீங்கள் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும்; மின்னணுப் பலகைகளுக்கு அது நஞ்சு. இந்த மாத்திரை வைக்கும் கிடங்குகளில் விளக்குகள் அடிக்கடி போவதற்கு விளக்குக் கம்பெனியை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. டிரைவர்களைத் தனிப் பெட்டியில், மருந்து மூட்டம் போடாத வராந்தாப் பக்கச் சுவரில் வைத்து, அங்கிருந்து விளக்குக்கு ஒயர் இழுக்க முடியுமா என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். விளக்கு மாட்டிய பிறகு அதைச் செய்ய முடியாது.

இப்போது செலவுப் பட்டியலுக்கு வருகிறேன். அதே 20,000 சதுர அடிக் கிடங்குக்கு, 32 விளக்குகளோடு கையிருப்பாக மூன்றையும் சேர்த்து 35 விளக்குகளுக்கு 2,27,500 ரூபாய். கேபிள், குழாய், எம்.சி.பி., பேனல் மாற்றம், எஸ்.பி.டி. ஆகியவற்றுக்கு 90,000, சென்சாரும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் 60,000, உயரத்தில் ஏறி வேலை செய்வதற்கான சிஸர் லிஃப்ட் வாடகையும் கூலியும் 70,000, மின்சாரம் போனால் வழிகாட்டும் அவசர விளக்குகளுக்கு 30,000. கூட்டினால் 4,77,500, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறக்குறைய 5,63,000 ரூபாய். இவை ஒரு மாதிரிக் கணக்கின் தொகைகள். உங்கள் கிடங்கில் மாறும். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: விளக்கின் விலை, வரிக்கு முந்தைய செலவில் பாதிகூட இல்லை. நீங்கள் பேரம் பேசுவதெல்லாம் இந்தப் பாதிக்கும் குறைவான தொகையில்தான். மற்ற பாதியைக் கொட்டேஷனிலேயே காணோம். அது பிறகு "கூடுதல் வேலை" என்ற பெயரில் வந்து சேர்கிறது, அல்லது செய்யாமலே விடப்படுகிறது. ஜி.எஸ்.டி. வீதம் 2022 ஜூலையில் 12-லிருந்து 18 விழுக்காடாக உயர்ந்ததை மறந்து, அதற்கு முந்தைய மதிப்பீட்டையே வைத்துக்கொண்டு பணம் ஒதுக்குபவர்களையும் பார்க்கிறேன். அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளும் வசதி) உங்களுக்குக் கிடைக்குமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கையிருப்பு விளக்குகள் எதற்கு என்று கேட்பீர்கள். பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு போனால் அதை மாற்ற லிஃப்டை வரவழைக்கும் வாடகை, பல நேரங்களில் அந்த விளக்கின் விலையையே தாண்டிவிடும். இரண்டு ஆண்டு கழித்து அதே மாடல் சந்தையில் கிடைக்காமல் போனால், வேறு நிறத்தில் ஒன்றை மாட்டி வைப்பீர்கள். கழற்றிய பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளுக்கும் டியூப் லைட்டுகளுக்கும் உள்ளே பாதரசம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதற்கும் ஒரு சிறு தொகையை எழுதி வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போனால் அங்கே உடைப்பவர் மூச்சில்தான் அந்தப் பாதரசம் கலக்கும்.

சென்சார் என்றவுடன் அது ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாளில் ஒரு ரேக் சந்துக்குள் ஆள் இருக்கும் நேரத்தை ஓர் உதவியாளரை உட்காரவைத்துக் குறித்துப் பாருங்கள். ஆள் இல்லாதபோது விளக்கை முழுவதும் அணைக்காமல் இருபது விழுக்காட்டுக்குத் தணித்துவைத்தால், உள்ளே நுழைபவர் இருட்டுக்குள் நுழைவதாக அஞ்ச மாட்டார். மைக்ரோவேவ் சென்சார் மெல்லிய தடுப்பையும் ஊடுருவும், ஓடும் மின்விசிறியையும் ஆள் என்று எண்ணிவிடும். ஆகவே சந்துகளுக்கு, அந்த உயரத்துக்கென்றே லென்ஸ் அமைத்த அகச்சிவப்பு வகையே ஏற்றது. கூரையில் ஒளிபுகும் சீட் போட்டிருந்தும் நடுப்பகலில் எல்லா விளக்குகளும் எரியும் கிடங்குகள் இன்னும் இருக்கின்றன. அங்கே வெளிச்சத்தை உணரும் சென்சார் வரும் வரை, அந்த வரிசைகளுக்குத் தனி ஸ்விட்ச் போடுவதற்காவது உடனே ஏற்பாடு செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் பணத்தை முழுவதும் கொடுத்துவிடாதீர்கள் என்பது ஒரு ஒப்பந்ததாரனிடமிருந்து வரும் வேண்டுகோளாக இருப்பதில் உங்களுக்கு வியப்பு இருக்கலாம். பத்து விழுக்காட்டை நிறுத்திவையுங்கள். இருட்டிய பிறகு, லக்ஸ் மீட்டரோடு, ஒப்பந்ததாரரையும் வாடகைதாரரின் கிடங்கு மேலாளரையும் கூட்டிக்கொண்டு, அறிக்கையில் குறித்த அதே புள்ளிகளில் அளந்து பாருங்கள். பேனலில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து, சொன்ன வாட்தான் இழுக்கிறதா என்று பாருங்கள். செல்போன் கேமராவில் விளக்கைப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா என்றும் கவனியுங்கள். ஓடினால் அந்த டிரைவர் சிமிட்டுகிறது, தொடர்ந்து அதன் கீழ் நிற்பவருக்குத் தலைவலி வரலாம். இத்தகைய அளவீட்டுக்கு ஒப்புக்கொள்ளும் ஒப்பந்ததாரர் விலையைச் சற்றுக் கூட்டித்தான் சொல்வார். அந்தக் கூடுதல் தொகைக்கு மதிப்பு உண்டு.

வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர் என்ற சிக்கலுக்குத் தீர்வு வாடகை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. மெட்டல் ஹாலைடை மாற்றிய மேற்படி கிடங்கில் வாடகைதாரருக்கு ஆண்டுக்கு நாலேகால் லட்ச ரூபாய் மிச்சமாகிறது. அதில் சதுர அடிக்கு மாதம் 50 பைசாவை விளக்குக்கான கூடுதல் வாடகையாகக் கேட்டால் உங்களுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வரும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 6 லட்சம், போட்ட முதல் முழுவதும் திரும்பிவிடும். வாடகைதாரருக்கோ அதற்குப் பிறகும் ஆண்டுக்கு மூன்று லட்ச ரூபாய் மிஞ்சும். இந்தக் கணக்கைக் காட்டிக் கேட்டால் மறுக்கும் வாடகைதாரர் மிகச் சிலராகவே இருப்பார். விளக்கு எத்தனை லக்ஸ் தர வேண்டும், அதைத் துடைத்துப் பராமரிப்பவர் யார், இணைப்புச் சுமையைக் குறைத்து நிலைக்கட்டணத்தைக் குறைக்க மின்வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் யார் என்பனவற்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

இறுதியாக, காலத்தைப் பற்றி. ஒரு வாடகைதாரர் காலி செய்து அடுத்தவர் வருவதற்கு இடையில் கிடைக்கும் சில வாரங்களே இந்த வேலைக்கு உகந்தவை. தரை வெறுமையாக இருக்கும்போது சிஸர் லிஃப்ட் தடையின்றி ஓடும். ரேக் நின்றுவிட்டால் சில சந்துகளுக்குள் அது நுழையவே நுழையாது, சரக்கின் மேல் தூசி விழக் கூடாது என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஆனால் காலியாக இருக்கிறதே என்று ரேக் எங்கே வரும் எனத் தெரியாமல் விளக்கை மாட்டிவிட்டால், பாதி விளக்குகள் சந்துக்கு மேலும் பாதி ரேக்குக்கு மேலும் போய் நிற்கும். வரப்போகிறவரிடம் முன்பணம் வாங்கும் நாளிலேயே அவருடைய ரேக் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அவர் கொடுக்கத் தாமதித்தால், கேபிளையும் பேனலையும் மட்டும் முதலில் முடித்துவிட்டு, விளக்குகளைப் பக்கவாட்டில் நகர்த்தக்கூடிய தண்டவாளச் சட்டத்தில் தொங்கவிடுமாறு உங்கள் ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிடங்குகளில் பணியாற்றும் மின் ஒப்பந்ததாரன்